நாலு மணி பஸ்ஸும் நகராட்சி மஞ்சள் ரோஜாவும்

அனுப்புவது:
மு. தாண்டவராயன்,
பூங்கா மேற்பார்வையாளர்,
நகராட்சி மலைப் பூங்கா,
காவலூர் அருகில், ஜவ்வாது மலை.
23-5-1979

மதிப்புக்குரிய மாமா தீர்த்தகிரி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மருமகன் தாண்டவராயன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் செடி கொடிகள் நலம். பணியாளர்கள் இருவரும் நலம். நான் இருக்கிறேன். அவ்விடம் தாங்களும், மாமி மணியம்மாள் அவர்களும், தை மாதம் ஈன்ற ஆடும், அதன் இரண்டு குட்டிகளும், மற்றும் அவ்வீட்டில் உள்ள எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். எல்லோரும் என்றால் அதில் எல்லோரும் அடக்கம்.

தங்கள் கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரிவதில்லை என்பதை அறிவேன். ஆகையால் இக்கடிதத்தைத் தங்களுக்கு யார் படித்துக் காட்டுவார்கள் என்பதையும் அறிவேன். படிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். போன தடவை நான் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். பதிலுக்குத் தாங்கள் போட்ட கார்டில் "கடிதம் கிடைத்தது. மழை இல்லை. ஆடு ரெண்டு குட்டி போட்டது" என்று மூன்றே வரி இருந்தது. நான் எழுதியதில் முக்கால்வாசி தங்கள் காதுக்கு வந்து சேரவில்லை, நடுவில் யாரோ தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறார்கள் என்பது அப்போதே விளங்கிவிட்டது. இந்தத் தடவை ஒரு வரியும் விடாமல் படிக்கவும். அந்தக் கார்டில் "ஆடு" என்ற இடத்தில் டு எழுத்துக்குக் கீழே ஒரு வால் இழுத்திருந்தது. பதினோரு வருஷமாய் மளிகைச் சீட்டில் கடுகு என்று எழுதும்போதெல்லாம் விழுந்த அதே வால். கார்டை ஆபீஸ் கோப்பில் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தரம் எடுத்துப் பார்ப்பேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை, பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

நிற்க. எங்கள் கமிஷனர் ஐயா அவர்கள், "பூங்கா மற்றும் பொழுதுபோக்குப் பிரிவின் பருவகாலச் செயல்பாடுகளும் சாதனைகளும்" என்று தலைப்புக் கொடுத்து, வருஷம் முழுவதற்கும் அறிக்கை கேட்டிருக்கிறார். அதை எழுதி முடித்துவிட்டேன். தங்கள் மருமகன் மலைமேல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது தங்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே விவரம் தருகிறேன். அதோடு, நான் நேரில் வந்து கூப்பிட்டால்தான் பாஞ்சாலி திரும்பி வருவாள் என்று மாமி சொல்லியனுப்பியதற்கும் இதுவே பதில். நான் வருவதாக இல்லை. ஒரு பூங்காவைப் பொறுப்பில் வைத்திருப்பவன் நினைத்த நேரத்தில் பஸ் ஏற முடியாது. போனது அவள், ஆகையால் வர வேண்டியதும் அவள். எனக்குக் கோபம் கிடையாது. முறை என்று ஒன்று இருக்கிறது.

போன வருஷம் சித்திரையில் டவுன் பூங்கா மலர்க் கண்காட்சியில் நடந்ததைத் தாங்கள் ஒரு தரப்பில் கேட்டிருப்பீர்கள். ஆபீஸ் தரப்பையும் கேட்டுவிடுங்கள். அந்த மஞ்சள் ரோஜாச் செடி எங்க வூட்டுக் கொல்லையில டால்டா டின்னுல இருந்தது, பாஞ்சாலிதான் அதை எங்கிருந்தோ வாங்கியாந்து வெச்சா, அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்தி ஊத்தி அவதான் வளர்த்தா, இதையெல்லாம் நான் மறுக்கல. ஆனா கண்காட்சிக்கு மூணு நாள் முன்னாடி நான் அதைத் தூக்கிட்டுப் போய்ப் பூங்காப் பதிவேட்டுல ஏத்திட்டேன். பதிவேட்டுல ஏறினா அது நகராட்சிச் செடி மாமா. அன்னைக்கு நடுவருங்க வர்ற நேரம், செடியில ஒரே ஒரு பூ, உள்ளங்கை அகலம், இவ பச்சைப் புடவை கட்டிக்கினு வந்தா, நேரா போனா, பறிச்சா, தலையில வெச்சிக்கினா, வெச்சிக்கினு என்னைப் பார்த்துச் சிரிச்சா வேற. நான் இன்னா செய்யறது. அந்தப் பூங்காவுல எவன் பூவுல கை வெச்சாலும் விசில் ஊதியே பழகினவன். யாருன்னு மூளைக்குத் தெரியறதுக்குள்ள விசில் வாய்க்கு வந்துடுச்சு. அத்தனை ஜனத்துக்கு நடுவுல ஊதிட்டேன். ஊதின அப்புறம் சும்மா விட முடியுமா, எல்லாரும் பார்க்கறாங்க, குற்றப் பதிவேட்டை எடுத்தாந்து எழுத ஆரம்பிச்சேன். பெயர், பாஞ்சாலி. அடுத்த கட்டத்துல "தகப்பனார் அல்லது கணவர் பெயர்". அங்க பேனா நின்னுடுச்சு. குற்றவாளியோட புருஷன்னும் நானே எழுதி, கீழ மேற்பார்வையாளர்னும் நானே கையெழுத்து போட்டா நல்லாவா இருக்கும். அதனால தீர்த்தகிரின்னு எழுதிட்டேன். அவ எட்டிப் பார்த்தா. "அப்பா பேரைப் போட்டுட்டீங்களா. சரி, அப்பா வூட்டுக்கே போறேன்"னு சொன்னா. சத்தம் போடல, அழுவல. பூவை எடுத்து மேசை மேல வெச்சிட்டு நடந்துட்டா. தங்கள் பெயர் இவ்விதமாகக் குற்றப் பதிவேட்டில் ஏறியதற்கு என் வருத்தத்தை இப்போதும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தப் பூவை நான் நூல் போட்டுச் செடியிலயே கட்டினேன். நடுவருங்க கிட்டப் போய்ப் பார்க்கல, ரெண்டாம் பரிசு குடுத்துட்டாங்க. ஒரு எவர்சில்வர் தூக்கு. அதை எடுத்துக்கினு சாயந்திரம் வூட்டுக்குப் போனா கதவுல பூட்டு. பூட்டைத் திறக்கறதும் நானே, உள்ள போய் விளக்கு போடறதும் நானே. யாரதுன்னு கேக்க ஆள் இல்லாத வூட்டுல ரெண்டு மாசம் இருந்து பார்த்தேன். அப்பதான் நகராட்சியில, டவுன் ஜனங்க கோடைக்கு வந்து போக மலையில ஒரு பூங்கா போடறோம், யார் போறீங்கன்னு கமிஷனர் கேட்டாரு. மத்த பேரெல்லாம் கீழ குனிஞ்சிக்கினாங்க. நான் கையைத் தூக்கினேன். எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மஞ்சள் ரோஜாவுக்கும் தனியா ஒரு மாற்றல் உத்தரவு எழுதி, கையெழுத்து வாங்கி, டால்டா டின்னோட பஸ்ஸுல மடியில வெச்சிக்கினு வந்து சேர்ந்தேன். கண்டக்டர் அதுக்கு டிக்கெட் கேக்கல, நல்ல மனுஷன்.

இங்க எனக்கு ரெண்டு பேர் துணை. தோட்டக்காரன் மாதையன், பெருக்கித் தண்ணி ஊத்தற செல்லியம்மாள். ரெண்டு பேரும் இந்த மலையாளுங்க. நான் வந்து இறங்கின அன்னைக்கே செல்லியம்மாள், "வூட்டம்மா வரலீங்களா"ன்னு கேட்டுச்சு. வாய் சும்மா இருந்திருக்கலாம். "அடுத்த பஸ்ஸுல வர்றாங்க"ன்னு சொல்லிட்டேன். இந்த மலைக்கு ஆலங்காயத்துலேருந்து சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு பஸ் வரும். மாதையன் அன்னைக்குப் போய் நின்னான், அம்மாவோட பெட்டியைத் தூக்கியாரணும்னு. வரல. மறுநாளும் போனான். நானும் இன்னைக்கு இல்ல மாதையா, நாளைக்குன்னு சொல்லிக்கினே இருக்கேன். இந்த மலை ஜனங்களுக்கு ஒருத்தர் வர்றேன்னு சொன்னா வருவாங்க, அவ்ளோதான், அதுல பொய் இருக்கும்னு நினைக்கத் தெரியாது. பதினோரு மாசமா, மழைன்னா தலையில கோணிப்பை போட்டுக்கினு, வெயில்னா துண்டு போட்டுக்கினு, அந்த ஆளு நாலு மணி பஸ்ஸுக்குப் போய் நிக்கிறான். இது அறிக்கையில் சேர்க்கப்படவில்லை.

அறிக்கைக்கு வருகிறேன். ஆடி, ஆவணிப் பருவம். "பெங்களூரிலிருந்து தருவிக்கப்பட்ட உயர்ரகப் புல் கொண்டு புல்தரை அமைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறேன். அமைச்சது நெசந்தான். அமைச்ச கையோட ஒரு கூட்டத்துக்காக நான் நாலு நாள் டவுனுக்கு இறங்கிட்டேன். திரும்பி வந்தா மாதையன் முகமெல்லாம் பல்லா வாசல்ல நிக்கிறான். "சார், நீங்க அந்தாண்ட போனதும் புல்லு ரொம்ப ஏறிப்போச்சு. நானும் எங்க வூட்டு மாதம்மாளும் நாலு நாளா குனிஞ்ச தலை நிமிராம ஒரு புல்லு வுடாம களை எடுத்துட்டோம்"னான். கையில இருந்த பையைக் கீழ வெச்சேன். "எந்தப் பயிர்ல மாதையா களை எடுத்தே"ன்னு கேட்டேன். "அதான் சார் நானும் தேடறேன், பயிரைக் காணோம். நீங்க போட்ட வெதை மொளைக்கலையாட்டம் இருக்குது. நல்ல மண்ணு சும்மா கெடக்க வேணாம்னு சாமை தெளிச்சிட்டேன்"னான். மாமா, நீங்களே ஒரு விவசாயி. புல்லை வளர்க்கறதுக்காக ஒருத்தன் சம்பளம் வாங்கறான்னு சொன்னா நீங்க நம்புவீங்களா. அவன் மேல கோவிச்சிக்க எனக்கு வாய் வரல. இதைக் கேட்டிருந்தா பாஞ்சாலி விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா, அந்தச் சிரிப்பு இன்னா சத்தத்துல இருந்திருக்கும்னு நினைச்சிக்கினே அங்கயே உக்காந்துட்டேன்.

ஐப்பசியில கமிஷனர் ஐயா பார்வைக்கு வந்தாரு. தூறல். ஜீப்பை விட்டு இறங்கல. கண்ணாடியைத் துடைச்சிக்கினு பார்த்துட்டு, "லான் நல்லா வந்திருக்கு தாண்டவராயன், கொஞ்சம் உயரமா இருக்கு, வெட்டிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. கார்த்திகையில மாதையன் சொந்தக்காரங்க பன்னண்டு பேர் கருக்கரிவாளோட வந்து வெட்டினாங்க. "ஐயா அவர்கள் உத்தரவுப்படி புல்தரை உரிய காலத்தில் வெட்டப்பட்டது" என்று அறிக்கையில் இருக்கிறது. ஒரு வார்த்தை பொய் கிடையாது. எனக்குன்னு ஒரு கூடை சாமை குடுத்தாங்க. நானே ஆக்கிச் சாப்பிடறேன். தனி ஆளுக்குச் சாமை ஆக்கறது ரொம்ப செரமம் மாமா. எவ்வளவு கொஞ்சமா போட்டாலும் ரெண்டு பேருக்கு ஆயிடுது. மீதியை என்ன செய்யறதுன்னு தெரியாம தட்டைப் பார்த்துக்கினே இருப்பேன்.

தை மாதப் பருவத்துக்கு, "பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் சிறப்புற நடைபெற்றன, வென்றவர் அனைவரும்" என்று எழுதியுள்ளேன். நாற்காலிப் போட்டி வெச்சேன். எட்டு ஆளு, ஏழு நாற்காலி. பாட்டுக்குப் பூங்கா ரேடியோ. நான் போட்ட நேரம் பாட்டு முடிஞ்சு செய்தி வந்துடுச்சு. பரவால்ல, செய்திக்கே சுத்துங்கன்னு சொன்னேன், மொத்தக் கூட்டமும் மாநிலச் செய்திக்கு வரிசையா சுத்தினாங்க. டப்புன்னு ரேடியோவை நிறுத்தினேன். எவனும் உக்காரல. மாமன் முறைக்காரர் நிக்கும்போது நான் எப்படி உக்கார்றதுன்னு மருமவன் சொல்றான். நீ மச்சான், நீ உக்காருன்னு இன்னொருத்தர் சொல்றாரு. அந்த ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை. இடம் பிடிக்கற ஆட்டம்யா இது, தள்ளிட்டு உக்காரணும்னு நான் கத்தறேன். "தள்ளிட்டா உக்கார்றது, அப்பறம் நாளைக்கு எப்படி சார் மூஞ்சி பார்க்கறது"ன்னு ஒருத்தர் என்னையே கேக்கறாரு. பொழுது சாயற வரைக்கும் ஏழு நாற்காலியும் காலியா கெடந்துச்சு. எட்டு பேருக்கும் ஆளுக்கொரு சோப்பு டப்பா குடுத்து அனுப்பினேன். இடத்தைப் பிடிச்சிக்கினு உக்காந்தவனா இருந்தா நான் ஒருத்தன்தான் இந்த மலையிலன்னு அன்னைக்குத் தோணுச்சு. சொல்லணும்னு எழுதல, பேனா அந்தப் பக்கம் போய்டுச்சு.

அடுத்தது மாசி, பங்குனி. "படகு முழுமையான பயன்பாட்டில் உள்ளது." டவுனிலிருந்து லாரியில ஒரு படகு அனுப்பி வெச்சாங்க. ஏரி அனுப்பல. பின்னால இருக்கிற குட்டையில ஐப்பசி மழைக்கு முழங்கால் தண்ணி நின்னுச்சு, படகை இறக்கினோம், நானும் மாதையனும் ஏறினோம், அது தரை தட்டி நின்னுடுச்சு, நாங்களே இறங்கி அதைத் தள்ளிக்கினு போய்க் கரை சேர்த்தோம். அப்பறம் புளி அடிக்கற காலம் வந்துச்சு. செல்லியம்மாள் படகைக் கழுவி அதுல புளி காய வெச்சிடுச்சு. அக்கம்பக்கத்து வூட்டுப் புளியும் வந்து சேர்ந்துச்சு. அந்த மாதிரி ஒரு பயன்பாடு எந்த நகராட்சிப் படகுக்கும் கிடைச்சிருக்காது. குழந்தைங்க ஏறி இறங்கற பலகை ஒண்ணும் வந்திருக்குது, ஒரு பக்கம் ஒருத்தர் உக்காந்தா இன்னொரு பக்கம் ஒருத்தர் மேல போற பலகை. சாயங்காலம் மாதையன் பஸ்ஸுக்குப் போன நேரத்துல நான் அதுல ஒரு பக்கம் போய் உக்கார்றது உண்டு. எதிர்ப் பக்கம் ஆள் இல்லாம அது எங்க அசையும். தரையிலயே உக்காந்துக்கினு பஸ் ஹாரன் சத்தத்தைக் கேப்பேன். மாதையன் கையை வீசிக்கினு திரும்பி வருவான், நான் எழுந்து செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி நிப்பேன்.

கடைசியாகக் கோடைப் பருவம். "முதலாவது மலைப் பூங்கா மலர்க் கண்காட்சி இம்மாதம் இனிதே நடைபெற்றது." வெளியூர்ப் பார்வையாளர்கள் ஏழு பேர். அதுல நாலு பேர் காவலூர் வானாய்வகத்துக்கு வழி தெரியாம உள்ள வந்தவங்க. இருந்தாலும் வந்தது வந்ததுதானே, பதிவேட்டுல கையெழுத்து வாங்கிட்டேன். ஏற்காட்டுலேருந்து டேலியா கிழங்கு வாங்கியாந்து வெச்சிருந்தேன். தட்டு அகலத்துக்கு ரெண்டு பூ. பக்கத்துல நம்ம எழுத்துல, "பூக்களைப் பறிக்காதீர்" பலகை. பூங்காவைத் திறந்து வெச்சு ஒரு நாழி ஆகல, மாதையன் நடந்து போனான், ஒரு டேலியாவைக் கிள்ளினான், அங்க நின்ன மாதம்மாள் கொண்டையில சொருகினான். அந்தம்மா தலையை விடப் பூ பெருசா தெரியுது. அது வெக்கப்பட்டுக்கினு முந்தானையால மூட, பூ மூடல. எனக்குக் கை போய் விசிலை எடுத்துடுச்சு. வாயிலயும் வெச்சிட்டேன். ஊதணும்னு பார்க்கறேன் மாமா, காத்து வரல. பல்லுக்கு நடுவுல விசிலைக் கடிச்சிக்கினு அப்படியே நிக்கிறேன். மாதையன் என்னைப் பார்த்துட்டு நேரா என்கிட்டயே வந்தான். "சார், பெரிய பூ ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுதான் இவளுக்கு. இன்னொண்ணை நம்ம அம்மாவுக்கு வுட்டு வெச்சிருக்கேன். இன்னைக்கு நாலு மணி பஸ்ஸுல வந்துடுவாங்க இல்ல?"ன்னு கேட்டான். நான் விசிலை எடுத்துப் பைக்குள்ள போட்டேன். வருவாங்கன்னு சொன்னேன். கண்ணெதிர்ல பூ பறிச்சும் அன்னைக்குப் பதிவேட்டுல ஒரு குற்றமும் ஏறல. என் சர்வீஸ்ல அது முதல் தடவை. அந்த இன்னொரு டேலியா மூணு நாள் காத்திருந்து செடியிலயே உதிர்ந்துடுச்சு. நான்தான் பெருக்கினேன், செல்லியம்மாளைப் பெருக்க விடல.

மஞ்சள் ரோஜாவைப் பற்றி அறிக்கையில் தனிப் பத்தி கேட்கவில்லை, இருந்தாலும் தங்களுக்குச் சொல்கிறேன். இங்கே வந்ததிலிருந்து அது பூக்கவில்லை. இலை மட்டும் வுட்டுக்கினு இருந்தது. அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தினேன், சாமை களைஞ்ச தண்ணி ஊத்தினேன், பேசிக்கூடப் பார்த்தேன். இப்போது ஒரு மொட்டு விட்டிருக்கிறது. மலர்ந்தால் அது நகராட்சிச் சொத்து, யாரும் தொட முடியாது. தகவலுக்காகச் சொல்லி வைத்தேன்.

ஆகவே மாமா, நான் இங்கே வேலையில் மூழ்கியிருக்கிறேன். வர இயலாது. பாஞ்சாலி புறப்படுவதாக இருந்தால் செங்கத்தில் காலையில் ஏறினால் சிங்காரப்பேட்டை வழியாகத் திருப்பத்தூர், அங்கிருந்து ஆலங்காயம், ஆலங்காயத்தில் மூன்று மணிக்கு மலை பஸ். இடது கைப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. பெட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம், தூக்க ஆள் நிற்கும். நான் சொன்னது வழிதானே தவிர வேண்டுகோள் இல்லை. வெக்கத்தை விட்டு ஒண்ணு சொல்றேன் மாமா, அவ இல்லாம முடியல. சாப்பாடு, துணி, அதெல்லாம் ஒரு மாதிரி ஓடிப் போவுது. சிரிப்பு வர்ற மாதிரி ஒண்ணு நடந்தா திரும்பிப் பார்க்கறேன், அந்தப் பக்கம் யாரும் இல்ல. இந்த வரியை மட்டும் படிப்பவர் விரும்பினால் தாண்டிவிடலாம்.

மாமிக்கு என் வணக்கம். கண்ணுக்கு மருந்து விடாமல் போட்டுக்கொள்ளவும். ஆட்டுக்குட்டிகளுக்குப் பேர் வைத்திருந்தால் தெரிவிக்கவும். பெரியவர்கள் இருவரும் இருக்கிற இடத்திலிருந்தே என் தலையைத் தொட்டதாக நினைத்துக்கொண்டு என் கடிதத்தை முடிக்கிறேன்.

இப்படிக்கு,
எவ்விடம் இருந்தாலும் தங்கள் மருமகன்,
மு. தாண்டவராயன்

பின்குறிப்பு: நேத்து இதை எழுதி ஒட்டி வெச்சிட்டேன். இன்னைக்குக் காலையில எழுந்து பார்த்தா மொட்டு மலர்ந்து நிக்குது, அதே மஞ்சள், அதே உள்ளங்கை அகலம். கவரைப் பிரிச்சு மறுபடி எழுதறேன். அந்தப் பூவை நான் பறிச்சிட்டேன் மாமா. நானே பறிச்சேன். குற்றப் பதிவேட்டை எடுத்து முறையா எழுதினேன். குற்றம், மஞ்சள் ரோஜா ஒன்று பறித்தது. பெயர், தாண்டவராயன். தகப்பனார் அல்லது கணவர் பெயர்ங்கிற கட்டத்துல அச்சடிச்சதை அடிச்சிட்டு, "மனைவி, பாஞ்சாலி"ன்னு எழுதினேன். கீழ கையெழுத்தும் போட்டேன். பேனா எங்கயும் நிக்கல.

அப்பறம், இந்தக் கடிதத்தைக் காவலூர்ல போட்டா ரெண்டு நாள் கூட ஆவும், ஆலங்காயத்துல போட்டுடலாம்னு பஸ் ஏறினேன். அங்க நான் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தபால் பெட்டியைத் திறந்து எடுத்துட்டாங்களாம். சரி, திருப்பத்தூர்னா பெரிய ஊரு, அங்க போட்டா சீக்கிரம் போவும்னு திருப்பத்தூர் போனேன். அங்க போனதும், செங்கத்துலயே போட்டா இன்னும் சீக்கிரம்னு தோணுச்சு. இப்ப செங்கம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சுல உக்காந்து எழுதறேன். பக்கத்துல உங்க ஊர் தபால்காரர் ராஜாக்கண்ணு டீ குடிக்கிறாரு. நீங்களே போறீங்க, எதுக்குக் கடிதம்னு கேக்கறாரு. நான் வாயால சொன்னா அவ எழுந்து உள்ள போய்டுவா, கடிதம்னா அப்பாவுக்காகப் படிச்சுத்தானே ஆவணும்னு சொன்னேன். சரி, கடிதத்தை நானே வூட்டுல குடுத்துடறேன்னு ஒத்துக்கினு, என்னைச் சைக்கிள் பின்னால உக்காரச் சொல்லியிருக்காரு.

அறிக்கையையும் கையோட எடுத்தாந்துட்டேன், கமிஷனர் ஒரு நாள் காத்திருக்கட்டும். மாதையன் நாளைக்கு நாலு மணி பஸ்ஸுக்கு வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கான். பூ அந்த ரெண்டாம் பரிசுத் தூக்குல, ஈரத் துணியில இருக்குது, இன்னும் வாடல. பாஞ்சாலி இந்த வரி வரைக்கும் தாண்டாம படிச்சிருந்தா, கொஞ்சம் தலையைத் தூக்கி உங்க வூட்டுக்கு எதிர்ல இருக்கிற புளியமரத்தடியைப் பார்க்கச் சொல்லுங்க மாமா. கூப்பிடத்தான் வந்திருக்கேன். விசிலை மாதையன் கிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்.